பென்சிலில் எழுதிய வயது

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்தில் இருந்து இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கையில் பலகை மாதிரி ஒரு கருவி. அதில் முதியவர்களின் பட்டியலைத் தட்டிக் காட்டினார்கள். எண்பது வயது தாண்டிய ஆண்களில் பாதிப் பேர் ஜனவரி மாதம் முதல் தேதியில் பிறந்திருந்தார்கள். "பிறந்த தேதி தெரியாதவங்களுக்கு ஆதார் அட்டையில அப்படித்தான் சார் இருக்கு" என்றார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர்களுக்குக் கொஞ்சம் கோபம்தான். "உங்க காலத்துல மட்டும் வயசு சரியா இருந்துச்சா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை, இருக்கவில்லை. அந்தக் கதையைத்தான் எழுதித் தருவதாகச் சொன்னேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் புள்ளிவிவர வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சி என்று மூன்று மாதம் சென்னையில் உட்காரவைத்துப் படிவம் நிரப்பச் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் எனக்கு நினைவிருப்பது மதியச் சாப்பாடு மட்டும்தான். பிறகு ஆரணிக்கு அனுப்பினார்கள். ஆரணியில் சில தறித் தெருக்களும், பக்கத்தில் முள்ளிப்பட்டும் என் பொறுப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய், யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள் என்று எழுத வேண்டும். அதோடு தனியாக ஒரு பட்டியல். எண்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள். வருஷத் தொடக்கத்தில் பட்டியலில் எத்தனை பேர், வருஷ முடிவுக்குள் அதில் எத்தனை பேர் போனார்கள் என்று பார்க்க வேண்டும். பத்து வருஷம் கழித்து மறுபடி அதே தெருக்களில் அதே கணக்கை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். மிகவும் வயதான ஆண்கள் முன்னைவிட மெதுவாக இறக்கிறார்களா, வேகமாக இறக்கிறார்களா? கேள்வி அவ்வளவுதான்.

ஆண்கள் மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். பெண்கள் கல்யாணமாகி வேறு ஊரிலிருந்து வந்தவர்கள். சின்ன வயதில் அவர்களைப் பார்த்த சாட்சி இந்தத் தெருவில் கிடையாது. ஆண்கள் பிறந்த வீட்டிலேயே, அப்பா உட்கார்ந்த தறிக்குழியிலேயே கால் வைத்துக் கிழவரானவர்கள்.

தெருவில் எனக்கு வைத்த பெயர் 'சாவு சார்'. நான் முனை திரும்பும்போதே யாராவது குரல் கொடுப்பார்கள். கிழவர்களுக்கு என்னைப் பார்த்தால் ஒரே கும்மாளம். "இன்னும் இருக்கறேன் சார், அடுத்த ரவுண்டு பாருங்க" என்பார் ஒருவர். "என் பேரை அடிக்கறதுக்குள்ள உங்க பேனா காஞ்சிடும்" என்பார் இன்னொருவர். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அவர்களைப் பார்க்கப் பார்க்க மலைப்பாக இருக்கும். என் அப்பா ஐம்பதில் போனவர். இவர்கள் என்ன தின்று, என்ன குடித்து இத்தனை காலம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் மேலதிகாரி தேவசகாயம், ஆய்வாளர். ஒல்லியான மனிதர், சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருப்பார். யார் வீட்டிலும் உட்கார மாட்டார். நாற்காலி போட்டாலும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வயது எழுதி முடியும் வரை காபி குடிக்க மாட்டார். அவர் சட்டைப் பையில் ஒரு பென்சிலும் ஒரு பேனாவும் இருக்கும். "வயசைப் பென்சில்ல எழுதுங்க மிஸ்டர். சாவை மட்டும் பேனாவுல எழுதுங்க. நம்ம கையில நிச்சயமா இருக்கறது அது ஒண்ணுதான்" என்று முதல் நாளே சொன்னார்.

'உங்களுக்கு என்ன வயது' என்ற கேள்வியைக் கேட்கவே கூடாது என்பார். கேட்டால் எண்பது, தொண்ணூறு, நூறு என்று முழுசாகத்தான் பதில் வரும். அதற்குப் பதிலாக மடித்து மடித்து ஓரம் கிழிந்த ஒரு தாளை விரிப்பார். அதில் ஊர் மறக்காத சம்பவங்கள் வரிசையாக இருக்கும். வால் நட்சத்திரம் தெரிந்த வருஷம். அதற்கு நாலு வருஷம் கழித்து எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது. அதற்கு நாலு வருஷம் கழித்து விஷ ஜுரம் வந்து வீட்டுக்கு ஒருவரை வாரிக்கொண்டு போனது. அந்தச் சம்பவங்களைத் தறி வேலையோடு கோத்துவிட்டதுதான் தேவசகாயத்தின் கெட்டிக்காரத்தனம். நெசவு வீட்டில் பிள்ளைக்கு ஏழெட்டு வயதில் தார் சுற்றக் கொடுப்பார்கள், அதாவது ஊடைப் பட்டு நூலைக் குச்சியில் சுற்றும் வேலை. குழிக்குள் கால் விட்டு மிதிக்கட்டை எட்டியதும் தறியில் உட்காரவைப்பார்கள். அதற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆகிவிடும். 

ஆகவே கேள்வி இப்படி இருக்கும்: "ஐயா, வால் நட்சத்திரம் வந்தப்போ நீங்க தார் சுத்தினீங்களா, தறியில உட்கார்ந்துட்டீங்களா?"

"தறியிலதான். புதுசா உக்காந்தேன். மேல பாக்கறேன்னு ரெண்டு இழை அறுத்துட்டு அப்பன்கிட்ட அடி வாங்கினேன்."

அந்த இரண்டு இழையில் மனிதரின் வயது விழுந்துவிடும். எனக்கு அது மாயாஜாலம் பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் ஒரு கிழவருக்கு அரை நாள் பிடிக்கும். சம்பவத்தைக் கேட்டால் கிளைக்கதைகள் வரும், தகராறு வரும், பக்கத்து வீட்டுக்காரர் வந்து திருத்துவார்.

அப்போதுதான் நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். எண்பதாம் கல்யாணம். எண்பது முடிந்த ஆணுக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளைகள் சேர்ந்து மறுபடி தாலி கட்டிவைக்கும் விசேஷம். ஆயிரம் பிறை கண்டவர் என்று ஊரே வந்து காலில் விழும். எந்த வருஷம் நடந்தது, அம்மாவுக்கு என்ன நிறத்தில் புடவை நெய்தார்கள், என்ன சாப்பாடு என்பதெல்லாம் தெருவுக்கே மனப்பாடம். அந்த வருஷத்தில் எண்பது என்று வைத்து எண்ணினால் இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. தேவசகாயத்திடம் பெருமையாகச் சொன்னேன். நாற்காலி முதுகைப் பிடித்தபடி யோசித்தார். "ஊரே சாட்சி சொல்லும்போது நமக்கென்ன" என்று ஒத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே அவசரம் அதுதான். அதற்கும் காரணம் நான்தான்.

முதல் சுற்று முடிந்தபோது எங்கள் பட்டியலைப் பார்த்துச் சென்னையே அசந்துபோனது. எண்பது தாண்டிய தறிக்காரர்கள் சாவேனா என்றார்கள். பாராட்டுக் கடிதம் வந்தது. அதை நான் சட்டம் போட்டு மாட்டாத குறை.

பத்து வருஷம் ஓடியது. எனக்குத் தலை நரைக்கத் தொடங்கியது. ஊரில் நல்ல தண்ணீர் வந்தது, காசத்துக்கு மாத்திரை வந்தது, வேலூருக்கு ஜல்தியாகப் போக பஸ் வந்தது. இரண்டாம் சுற்றுக்குப் புதுப் படிவம் வந்தது. புதிதாகச் சேர்ப்பவர்களின் வயதைக் குறைந்தது இரண்டு சம்பவங்களால் உறுதி செய்ய வேண்டும், கல்யாணக் கணக்கெல்லாம் செல்லாது என்று அதில் கண்டிப்பாக எழுதியிருந்தது. பழைய பட்டியலில் உயிரோடு இருந்தவர்களை அப்படியே வயது கூட்டிக் கொண்டுவந்தோம்.

கணக்கு முடிந்து இரண்டு சுற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சாவு ஏறியிருந்தது. கொஞ்சமாக ஏறவில்லை. தண்ணீரும் மருந்தும் வந்த பிறகு கிழவர்கள் முன்னைவிட வேகமாகப் போகிறார்கள் என்று எங்கள் கணக்கு சொல்லியது. காரணம் விளக்கவும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அலுவலகத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடைசியில், பட்டு நூலுக்குச் சாயம் போடும் தண்ணீர் கிணறுகளில் இறங்கி முதியவர்களைக் கொல்கிறது என்று ஒரு பத்தி தட்டச்சாகி, கையெழுத்துக்காக தேவசகாயத்தின் மேஜையில் வந்து உட்கார்ந்தது. அவர் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. அந்தத் தாள் போனால் சாயப்பட்டறைகளைப் பூட்டச் சொல்லி உத்தரவு வரும். அவற்றை நம்பி இரண்டு தெரு பிழைத்துக்கொண்டிருந்தது.

"கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பட்டியல்ல இருக்கற ஒவ்வொருத்தரையும் இன்னொரு தடவ பாத்துட்டு வாங்க மிஸ்டர். என்ன கேக்கணும்னு எனக்கும் தெரியல. சும்மா பேசிட்டாவது வாங்க" என்றார்.

முள்ளிப்பட்டில் கன்னியப்பன் என்று ஒருவர். என் பட்டியலிலேயே மூத்தவர், தொண்ணூற்றிரண்டு. எண்பதாம் கல்யாணம் நடந்த மறு வருஷமே பட்டியலில் ஏறியவர். அன்று நான் போனபோது மகன் ஏழுமலை புடவை கொடுக்க முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார். மருமகள் கிணற்றடியில். பெரியவர் மட்டும் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க சாவு சார். கால் இப்ப மிதிக்க மாட்டேங்குது. மறுபடியும் சின்னப் புள்ள வேலைக்கே வந்துட்டேன்" என்று சிரித்தார்.

அந்த வாரம் பத்திரிகைகளில் வால் நட்சத்திரம் திரும்பி வருகிறது என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். எழுபத்தாறு வருஷத்துக்கு ஒருமுறை வருமாம். பேச்சுக்கு அதை எடுத்தேன். "உங்களுக்கென்ன, ரெண்டாவது தடவ பாக்கப் போறீங்க."

அவர் முகம் மலர்ந்தது. ராட்டை நின்றது. "ஆமா சார். மறக்கவே மாட்டேன். விடிகாலையில எழுப்பி எங்கப்பா என்னத் தோள்ல தூக்கி வச்சிக்கினு தெருமுனைக்குப் போனாரு. இந்த நீளம் வாலு. நான் பயந்து அவரு குடுமியப் புடிச்சிக்கினு ஒரே அழுகை. 'ஒண்ணும் பண்ணாதுடா, அது பாட்டுக்குப் போய்க்கினு இருக்குது'ன்னு சொன்னாரு."

நான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என் கணக்குப்படி அன்று அவருக்குப் பதினாறு வயது. மீசை அரும்பித் தறியில் உட்கார்ந்திருக்க வேண்டியவர். பதினாறு வயதுப் பையனை எந்த அப்பன் தோளில் தூக்குவான்?

நான் பையிலிருந்த சம்பவத் தாளை எடுக்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டார். ராட்டையின் கைப்பிடியில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நாலு வயசு இருக்கும் சார்" என்றார்.

"அப்போ இப்போ உங்களுக்கு..."

"கணக்கு நீங்கதான போடுவீங்க."

எண்பது. அந்த வருஷம்தான் அவருக்கு உண்மையில் எண்பது. நாங்கள் அவரை எண்பது தாண்டியவர் என்று முதலில் எழுதியபோது எழுபதுகூட ஆகவில்லை.

அவர் வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார். மனைவி குப்பம்மாளுக்கு வயிற்றில் கட்டி. வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் தாங்காது என்று அனுப்பிவிட்டார்கள். படுத்த படுக்கையில் ஒருநாள் அந்த அம்மாள் கேட்டாராம், "உங்களுக்கு எண்பது எப்ப ஆவும்? உங்க பக்கத்துல மணையில ஒரு தபா உக்காரணும்னு ஆசை."

"நான் இன்னா சார் சொல்றது? 'இன்னும் பன்னண்டு வருசம் இரு'ன்னா சொல்ல முடியும்? ஆயிடுச்சு குப்பு, தை மாசத்தோட எண்பது ஆயிடுச்சு, எனக்கே மறந்து போச்சுன்னேன். என்ன ரொம்ப நேரம் பாத்துக்கினு இருந்துச்சு. அப்பறம், 'அப்படியா, சரி'ன்னுச்சு. புள்ளைங்ககிட்டயும் அதயே சொன்னேன். அரக்குல பச்ச கரை போட்டு நானே புடவை நெய்ஞ்சேன். சாயங்காலம் வரைக்கும் உக்காந்துச்சு சார். ஊரே கால்ல விழுந்துச்சு. ரெண்டு மாசத்துல போயிடுச்சு."

பதினைந்து வருஷமாக வயதுக் கணக்குப் போட்டவன் நான். மனைவிக்காக ஒரு மனிதர் தன் ஆயுளில் பன்னிரண்டு வருஷத்தை எடுத்து முன்னால் வைத்துக் கொடுப்பார் என்று எந்தப் படிவத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்தச் சின்ன உடம்பைப் பார்க்கவே எனக்கு பயபக்தியாக இருந்தது.

"எழுதிக்கோங்க" என்றார். "உங்களுக்குப் பொய் எழுதி பேஜார் ஆவ வேணாம். ஆனா நான் கண்ண மூடற வரைக்கும் புள்ளைங்களுக்குத் தெரியக் கூடாது சார். அந்தப் பந்தலு பொய்யின்னு அவங்க நெனைக்கக் கூடாது."

சத்தியம் செய்தேன். அவர் எதிரிலேயே தொண்ணூற்றிரண்டை ரப்பரால் அழித்து எண்பது என்று பென்சிலில் எழுதினேன்.

அலுவலகம் திரும்பி தேவசகாயத்திடம் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு வயதைப் பற்றிப் பேசும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒருத்தர் மட்டும்தானா மிஸ்டர்?" என்றார்.

அதுதான் கேள்வி. மறுநாளிலிருந்து எண்பதாம் கல்யாணத்தை வைத்து வயது எழுதிய ஒவ்வொரு வீட்டுக்கும் இருவருமாகப் போனோம். தார், தறி, வால் நட்சத்திரம், விஷ ஜுரம் எல்லாம் முதலிலிருந்து. கூடவே தேவசகாயம் மெதுவாக இன்னொன்றையும் கேட்பார்: "கல்யாணத்தப்போ அம்மாவுக்கு உடம்பு எப்படி இருந்துச்சு?"

திடமாக இருந்தார் என்று சொன்ன வீடுகளில் வயது பெரும்பாலும் சரியாக இருந்தது. படுத்திருந்தார், நெஞ்சு வலி, கண் போய்க்கொண்டிருந்தது என்று சொன்ன வீடுகளில் எல்லாம் வயது இறங்கியது. சிலவற்றில் இரண்டு வருஷம், சிலவற்றில் ஐந்தாறு வருஷம். பல வீடுகளில் பிள்ளைகளே சேர்ந்து கல்யாண நாளை முன்னால் தள்ளியிருந்தார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு. பந்தல் பிரித்த பிறகு எல்லாரும் அதையே எண்பது என்று வைத்து எண்ணிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டு வருஷம் தாண்டிக் குதித்தவர் கன்னியப்பன் ஒருவர்தான். 

ஆக, எங்கள் முதல் பட்டியலில் எண்பதைத் தாண்டியவர்கள் என்று எழுதப்பட்டவர்களில் பாதிக்கு மேல் எழுபதுகளில் இருந்த திடமான ஆட்கள். அவர்கள் சாகாததில் ஆச்சரியம் என்ன? இரண்டாம் சுற்றில் அவர்கள் உண்மையாகவே எண்பதைத் தொட்டபோது சாவு ஏறிவிட்டது போலத் தெரிந்தது.

மேஜையில் ரப்பர் துகள் குவிந்தது. நாங்கள் இரண்டு பேரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி பக்கம் பக்கமாக அழித்து எழுதினோம். எல்லாம் சரி செய்து, உண்மையிலேயே எண்பது தாண்டியவர்களை மட்டும் இரு சுற்றிலும் நிறுத்திப் பார்த்தபோது கணக்கு தலைகீழாகத் திரும்பியது. முதல் சுற்றில் எண்பதைத் தொட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரும் வேகமாகப் போயிருந்தார்கள். இரண்டாம் சுற்றில் எண்பதைத் தொட்டவர்கள் அதிகம். அவர்கள் மெதுவாகப் போனார்கள். யாரும் பார்க்காத நேரத்தில், ஒரு தெருவுக்கே சாவு கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தது. அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அப்படித்தான்.

சாயத் தண்ணீரைப் பற்றிய பத்தியை தேவசகாயம் நான்காகக் கிழித்தார். சாயத் தண்ணீர் நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கொலையை அதன் தலையில் கட்ட எங்களிடம் சாட்சி இல்லை. முதல் சுற்றில் தவறு செய்தது நாங்கள்தான் என்று தன் கையாலேயே எழுதி, தன் பெயரை முதலில் போட்டார். பாராட்டுக் கடிதம் அனுப்பிய அதே இடத்தில் இருந்து மெமோ வந்தது. ஓய்வு பெறும் நாளில் அந்த மெமோவை எனக்குக் காட்டி, "இது சரியா இருக்கு மிஸ்டர்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

மூன்று வருஷம் கழித்து கன்னியப்பன் போய்ச் சேர்ந்தார். பறையும் பூப்பல்லக்குமாகத் தெருவே திரண்டிருந்தது. கல்யாணச் சாவு என்று ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய் ஏழுமலையைத் தனியாகக் கூப்பிட்டு, பதிவேட்டைத் திறந்தேன். சத்தியம் அவர் கண்ணை மூடும் வரைக்கும்தான். ஆனாலும் வாயால் சொல்லாமல் பெரியவரின் பக்கத்தைப் பிரித்து நீட்டினேன். பென்சிலில் எழுதியிருந்த எண்ணை அவரே குனிந்து பார்த்தார். அதற்கு மேல் மூன்றைக் கூட்டினால் எண்பத்து மூன்று.

"அப்பா உங்களாண்ட சொல்லிட்டாரா?" என்று கேட்டார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அம்மா அன்னிக்கே எங்கள கூப்ட்டுச் சொன்னாங்க சார். 'எனக்கே இன்னும் அறுபது ஆவல, உங்கப்பனுக்கு எப்பிடிடா எண்பது ஆவும்? எனக்காகச் சொல்றாரு. நீங்களும் எண்பதுன்னே சொல்லுங்க. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம்'னாங்க. பதினஞ்சு வருசமா சொல்லிக்கினு வந்தோம்."

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க எழுத வேண்டியத எழுதுங்க சார். வெளியில மட்டும்..." என்று நிறுத்தினார்.

பேனாவைத் திறந்து எண்பத்து மூன்று என்று எழுதினேன். மை காயும் வரை ஊதிக்கொண்டு நின்றேன். வெளியே வந்தபோது பல்லக்குக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து கேட்டார், "பெரியவருக்கு இன்னா வயசு சார் ஆச்சு?"

"தொண்ணூற்றஞ்சு" என்றேன்.